வாணிகக் கப்பலும் போர்க்காலமும்: பிரித்தானிய இந்திய நீராவிக் கப்பற் கம்பனியின் கதை

கப்பல்களை வாணிகக் கப்பல், போர்க் கப்பல் என இரு வகையாகப் பிரிப்பது வழக்கம். முன்னையது பண்டங்களையும் பிரயாணிகளையும் ஏற்றுவது. பின்னையது பீரங்கி தாங்குவது. ஆயினும் பெரும் போர் மூண்ட காலங்களிலெல்லாம் இப்பிரிவு நிலைத்து நின்றதில்லை. அரிசி மூட்டை சுமந்த கப்பல் படைவீரரைச் சுமந்தது. தோட்டத் தொழிலாளர் பாய் விரித்துப் படுத்த தளத்தில் காயமுற்றோர் கிடத்தப்பட்டனர். தமிழ் மக்களின் வாழ்வோடு ஒரு நூற்றாண்டுக்கு மேலாகப் பிணைந்திருந்த ஒரு கப்பற் கம்பனியின் வரலாறு இதனை நன்கு விளக்கும். ‘பி. ஐ. கம்பனி’ என்று துறைமுகங்களில் வழங்கப்பெற்ற பிரித்தானிய இந்திய நீராவிக் கப்பற் கம்பனியே அது. அதன் கப்பல்களை அடையாளங் காண்பது எளிது: கறுப்புப் புகைபோக்கி, அதனைச் சுற்றி இரண்டு வெள்ளை வளையங்கள்.

ஸ்கொத்லாந்து நாட்டவரான வில்லியம் மக்கினன் என்பவரும் றொபேட் மக்கென்சி என்பவரும் 1847 இல் கல்கத்தாவில் கூட்டாக ஒரு வாணிக நிறுவனம் அமைத்தனர். கல்கத்தாவுக்கும் இரங்கூனுக்குமிடையே அரசாங்கத் தபாலை ஏற்றிச்செல்லும் ஒப்பந்தத்தை நாடி, 1856 இல் ‘கல்கத்தா பர்மா நீராவிக் கப்பற் கம்பனி’ என்ற பெயரில் ஒரு கப்பற் கம்பனியைத் தொடங்கினர். 1862 இல் அதன் பெயர் பிரித்தானிய இந்திய நீராவிக் கப்பற் கம்பனி என மாற்றப்பட்டது. காலப்போக்கில் இந்தியக் கரை முழுவதும், பாரசீகக் குடா, கிழக்காபிரிக்கா, மலாயா ஆகிய திசைகளிலெல்லாம் அதன் கப்பல்கள் ஓடலாயின. தன் ஆயுட்காலத்தில் 500க்கு மேற்பட்ட கப்பல்களை அது சொந்தமாகக் கொண்டிருந்தது.

இக்கம்பனி வளர்ந்த வகையை நோக்குதல் வேண்டும். தபால் ஒப்பந்தம் கிடைத்த கம்பனிக்கு ஆண்டுதோறும் அரசாங்கப் பணம் உறுதியாக வந்தது. சரக்குக் குறைந்த மாதத்திலும் குறித்த நாளிற் கப்பல் புறப்படும். குறித்த நாளிற் புறப்படும் கப்பலையே வணிகரும் பிரயாணிகளும் நம்புவர். காற்றையும் பருவத்தையும் பார்த்துப் பாய் விரித்த தோணிகள் இந்த ஒழுங்கோடு போட்டியிட முடியவில்லை. மறுபுறத்தில், அரசாங்கப் பணம் பெறும் கம்பனி, அரசாங்கம் அழைக்கும்போது செல்லவும் கடமைப்பட்டிருந்தது. அந்த அழைப்பு விரைவிலேயே வந்தது. கம்பனி தோன்றி ஓராண்டு கழியுமுன், 1857 இல் இந்தியப் படைவீரரின் பெருங்கிளர்ச்சி வெடித்தது. உடனே தபாற் கப்பல் இலங்கையிலிருந்து கல்கத்தாவுக்குப் படையினரை ஏற்றிச்சென்றது. ஆகவே சமாதானத் தொழிலும் போர்த் தொழிலும் அக்கம்பனிக்குத் தொடக்கத்திலேயே இரட்டைப் பிள்ளைகளாய் அமைந்துவிட்டன எனலாம்.

இக்கம்பனிக்கும் வன்னி நிலத்துக்கும் உள்ள தொடர்பு பலருக்குத் தெரியாத ஒன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில், கோப்பித் தோட்டங்களுக்கு வந்த தென்னிந்தியத் தொழிலாளர் சிறு தோணிகளில் மன்னார்க் கரையில் இறங்கினர். அங்கிருந்து மாத்தளைக்குக் கால்நடையாகவே சென்றனர். மன்னாரையும் வன்னியின் தெற்கெல்லைக் காடுகளையும் கடந்து, மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை வழியாக அந்த நெடும்பாதை சென்றது. நீர் கிடையாத இடங்கள் பல. வாந்திபேதியும் காய்ச்சலும் வழிநெடுக ஆட்களைக் கொண்டுபோயின. வழியிலே விழுந்தவரைச் சுமந்து செல்லக் கூட்டத்தாருக்கு வலுவிருக்கவில்லை. தூத்துக்குடிக்கும் கொழும்புக்குமிடையே நீராவிக் கப்பல் ஒழுங்காக ஓடத் தொடங்கிய பின்னர் நிலை மாறிற்று. ஓரிரவுக் கடற்பயணம், பல நாட் காட்டு நடைக்கு ஈடாயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பிளேக்கு நோய்ப் பயம் காரணமாக வடபாதைக் குடிவரவு நிறுத்தப்பட்டபோது, கப்பல் வழியே பெருவழியாயிற்று. 1914 இல் மதவாச்சியிலிருந்து செட்டிகுளம், முருங்கன் வழியாகத் தலைமன்னாருக்குப் புகையிரதப் பாதையும், தலைமன்னார் – தனுஷ்கோடிக் கப்பற் சேவையும் திறக்கப்படும்வரை இந்நிலை நீடித்தது.

இவ்வாறு இலட்சக்கணக்கானோரை ஏற்றியிறக்கிய கம்பனி, தூத்துக்குடிக் கடலில் போட்டியின்றி ஆட்சி செலுத்தியது. அந்த ஆட்சியை எதிர்த்தவரே ஒட்டப்பிடாரம் வ. உ. சிதம்பரம்பிள்ளை. 1906 ஒக்டோபரில், பத்து இலட்சம் ரூபா மூலதனத்தோடு சுதேசிக் கப்பற் கம்பனியை அவர் பதிவுசெய்தார். ஒரு பங்கின் விலை 25 ரூபா. காலியா, லாவோ என்ற இரு கப்பல்கள் வாங்கப்பட்டுத் தூத்துக்குடிக்கும் கொழும்புக்குமிடையே ஓடின. பி. ஐ. கம்பனி கட்டணத்தைக் குறைத்தது, சுதேசிக் கம்பனி மேலும் குறைத்தது, இறுதியில் பி. ஐ. கப்பலிற் கட்டணமின்றியே பிரயாணிகள் அழைக்கப்பட்டனர் எனவும், குடையும் இலவசமாகக் கொடுக்கப்பட்டது எனவும் சொல்லப்படுகிறது. பல கடல்களில் இலாபம் ஈட்டிய ஒரு கம்பனி, ஒரு கடலில் நட்டத்தைத் தாங்க வல்லது. ஒரே கடலில் ஓடும் சிறு கம்பனிக்கு அந்த வலிமை இல்லை. வாணிகப் போட்டியோடு அரசாங்கத்தின் கையும் சேர்ந்தது. 1908 மார்ச்சில் சிதம்பரம்பிள்ளை கைதுசெய்யப்பட்டுக் கடுந்தண்டனை பெற்றார். 1911 இல் சுதேசிக் கம்பனி கலைக்கப்பட்டது. சமாதான காலத்து வாணிகத்திலும் ஒருவகைப் போர் உண்டு என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்தும்.

மூன்றாண்டுகளின் பின் உண்மைப் போரே வந்தது. 1914 இல் பி. ஐ. கம்பனி, பி. அன்ட் ஓ. என்ற பெருங் கம்பனியோடு இணைந்தது. அவ்வேளையில் பி. ஐ. கம்பனியிடம் 130 அளவிலான கப்பல்கள் இருந்தன. அதே ஆண்டு முதலாம் உலகப்போர் தொடங்கிற்று. செப்டெம்பர் 22 ஆம் நாள் இரவு, ஜெர்மனியப் போர்க் கப்பலாகிய எம்டன் சென்னையைக் குண்டு வீசித் தாக்கியது. எண்ணெய்த் தாங்கிகள் தீப்பற்றி எரிந்தன. வல்லாளகண்டனை ‘எம்டன்’ என்று சுட்டும் பேச்சுவழக்கு இன்றும் தமிழில் நிலைத்திருப்பது அவ்விரவின் எச்சமேயாம்.

அப்போர்க் காலத்தில் சென்னை மாகாண மக்கள் பணம் திரட்டி, ஒரு வைத்தியசாலைக் கப்பலை ஆயத்தஞ்செய்தனர். அதற்கென எடுக்கப்பட்டது பி. ஐ. கம்பனியின் புதிய கப்பலாகிய ‘டாண்டா’. போர்க்காலத்தில் அதற்கு ‘மதராஸ்’ என்ற பெயர் சூட்டப்பட்டது. மெசொப்பொத்தேமியா, கிழக்காபிரிக்கா ஆகிய களங்களிற் காயமுற்றோரை அது ஏற்றியது. போர் முடிந்ததும் பழைய பெயரோடு பழைய தொழிலுக்குத் திரும்பியது. முப்பது ஆண்டு முதிர்ந்த அதே கப்பலை, 1944 யூலை 15 ஆம் நாள் மங்களூருக்கு அப்பால் அரபிக் கடலில் ஜெர்மனிய நீர்மூழ்கி ஒன்று தாக்கி மூழ்கடித்தது. ஒரு போரில் உயிர்களைக் காத்த கப்பல் மற்றொரு போரிற் பலியாயிற்று.

வாணிகக் கப்பல் போருக்கு எவ்வாறு செல்கிறது என்பதை இங்கே சிறிது விளக்குதல் நன்று. அரசாங்கம் கப்பலைப் பறிமுதல் செய்வதில்லை; ஒப்பந்த வாடகை கொடுத்துத் தன் பணிக்கு எடுத்துக்கொள்ளும். கம்பனியின் தலைவரும் மாலுமிகளும் பெரும்பாலும் அவ்வாறே இருப்பர். வெள்ளையும் கறுப்பும் சாம்பல் நிறத்தால் மறைக்கப்படும். பின்றளத்திற் பீரங்கி ஒன்று பொருத்தப்படும். சரக்கறைகளிற் படுக்கைகள் தொங்கும். இரவில் ஒரு விளக்கும் வெளியே தெரியலாகாது. பின்னர் பல கப்பல்கள் ஒன்றுகூடி, போர்க் கப்பல்கள் காவல்புரியக் கூட்டமாய்ச் செல்லும். கூட்டத்தின் வேகம் அதிலுள்ள மிக மெதுவான கப்பலின் வேகமாகும். விரைந்து தப்பவல்ல கப்பலும் தன் விரைவை விட்டுக்கொடுக்க வேண்டும். இவ்வாறு சென்ற கப்பல்களே உணவையும் எரிபொருளையும் படையையும் கொண்டுசேர்த்தன. அவை இல்லாவிடின் பெருங்கடற்படையும் ஒரு திங்களுக்கு மேல் போர் நடத்தியிராது.

இரண்டாம் உலகப்போரில் இக்கம்பனி பட்ட துயரை விளக்க, இரு சகோதரிக் கப்பல்களின் வரலாறு ஒன்றே போதும். 1926 இல் ரஜூலா, ரோனா என்ற இரு கப்பல்கள் கட்டப்பட்டன. இரண்டும் சென்னை, நாகபட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் வழியில் ஓடுவதற்கென்றே அமைந்தவை. மலாயாவின் இறப்பர்த் தோட்டங்களுக்கும் புகையிரதப் பாதைகளுக்கும் சென்ற தமிழர் இக்கப்பல்களிலேயே கடல் கடந்தனர். மேல்வகுப்பினருக்கு அறைகள் சில. மற்றையோர் தளப் பிரயாணிகள். ரஜூலா தொடக்கத்தில் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட தளப் பிரயாணிகளை ஏற்ற அனுமதி பெற்றிருந்தது. தளப் பிரயாணிக்குக் கட்டில் இல்லை, அறை இல்லை. பாய் விரிக்கும் இடமே அவர் வீடு. டிரங்குப் பெட்டியே சுவர். கடல் கொந்தளித்தால், தளமெங்கும் ஒரே துன்பம். எனினும் ஊறுகாய்ப் பானையும் நாட்டுமருந்துப் பொட்டலமும் முருகன் படமும் அந்தத் தளத்தின் வழியேதான் மலாயா சென்றன. அங்கு உழைத்த பணமும் அதே தளத்தின் வழியேதான் ஊருக்குத் திரும்பியது.

போர் வந்ததும் இரண்டும் படைக் கப்பல்களாயின. 1943 நவெம்பர் 26 ஆம் நாள் மாலை, அல்ஜீரியாவின் கரைக்கு அப்பால் மத்தியதரைக் கடலில் ரோனா ஒரு கூட்டத்தோடு கிழக்கு நோக்கிச் சென்றுகொண்டிருந்தது. இந்தியாவுக்கும் பர்மாப் போர்முனைக்கும் அனுப்பப்பட்ட அமெரிக்கப் படைவீரர் ஏறக்குறைய இரண்டாயிரவர் அதில் இருந்தனர். ஜெர்மனிய விமானம் ஒன்றிலிருந்து விடப்பட்டு, வானொலி அலைகளால் வழிசெலுத்தப்பட்ட சிறகுக் குண்டு ஒன்று கப்பலின் பக்கத்தைத் துளைத்தது. உயிர்காப்புப் படகுகள் சில சிதைந்தன. வேறு சில இறக்கும்போதே கவிழ்ந்தன. அலை உயர்ந்திருந்தது, இருளும் சூழ்ந்தது. 1,100க்கு மேற்பட்டோர் மாண்டனர். அவருள் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் அமெரிக்க வீரர். கப்பலில் வேலைசெய்த இந்திய மாலுமிகளும் நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர். வானொலியால் இயங்கிய அந்தப் புதிய ஆயுதத்தின் வெற்றியைப் பகைவர் அறியலாகாது என்று செய்தி மறைக்கப்பட்டது. இறந்தவரின் குடும்பத்தார் பலர் உண்மையை அறிய அரை நூற்றாண்டு காத்திருக்க நேர்ந்தது.

ரோனாவின் தளத்திற் கரி வாரிய, எண்ணெயிட்ட, சமைத்த, கயிறிழுத்த அந்த இந்திய மாலுமிகள் யார்? கல்கத்தா, சிற்றகொங், குஜராத், கோவா ஆகிய பகுதிகளின் ஏழைக் கிராமத்தவர். ஆங்கிலேயர் இவர்களை ‘லஸ்கர்’ என்றனர். இவர்களின் தலைவன் சாரங்கு. அவனுக்கு அடுத்தவன் தண்டல். வல்வெட்டித்துறையிற் பாய்க் கப்பல் ஓட்டியவரைத் ‘தண்டையல்’ என மக்கள் அழைத்தமையை இங்கே ஒப்புநோக்கலாம். ஒரே கப்பலில் ஒரே ஆபத்திற் பணிபுரிந்தும், பிரித்தானிய மாலுமி பெற்றதிற் சிறு பங்கே இவர்களுக்குச் சம்பளமாகக் கிடைத்தது. 1939 இல் போர் தொடங்கியதும், பிரித்தானியத் துறைமுகங்களில் இவர்கள் வேலைநிறுத்தஞ் செய்தே ஊதிய உயர்வு பெற்றனர். அப்போரில் மாண்ட இந்திய வாணிக மாலுமிகள் ஆறாயிரத்துக்கு மேற்பட்டோர். கடலில் மறைந்தவருக்குக் கல்லறை இல்லை. அவர்தம் பெயர்கள் பம்பாயிலும் சிற்றகொங்கிலும் வைக்கப்பட்ட நினைவேடுகளில் எழுதப்பட்டுள்ளன.

போர் இலங்கைக் கடலையும் விட்டுவைக்கவில்லை. 1941 டிசெம்பர் 23 இல் இரங்கூன் மீது ஜப்பானியர் குண்டு வீசினர். பர்மாவில் வாழ்ந்த தமிழர் உட்பட இந்தியர் இலட்சக்கணக்கில் வெளியேறினர். கப்பலில் இடம் கிடைத்தவர் சென்னையும் கல்கத்தாவும் அடைந்தனர். இடம் கிடையாதவர் அரக்கான் மலையையும் அசாம் காட்டையும் கால்நடையாகக் கடக்க முற்பட்டு, வழியிலே பல்லாயிரவராய் மடிந்தனர். நூறு ஆண்டுகளுக்கு முன் மன்னார்ப் பாதையில் நிகழ்ந்தது, பர்மாவின் மலைப்பாதையிற் பன்மடங்காக மீண்டும் நிகழ்ந்தது. கப்பல் ஒன்று வந்தமையும் வாராமையும் வாழ்வையும் சாவையும் பிரித்தன.

1942 ஏப்பிரில் 5 ஆம் நாள் கொழும்பும், 9 ஆம் நாள் திருகோணமலையும் ஜப்பானிய விமானங்களால் தாக்கப்பட்டன. இடையிலே 6 ஆம் நாள் வங்காள விரிகுடாவில் காவலின்றிச் சென்ற வாணிகக் கப்பல்கள் பல மூழ்கின. பி. ஐ. கம்பனியின் இந்தோரா, கந்தாரா, மால்டா ஆகியவையும் அவற்றுள் அடங்கும். பர்மா வீழ்ந்தமையால் அதன் அரிசி நின்றது. வங்காள விரிகுடா ஆபத்தான கடலாயிற்று. இலங்கை உண்ட அரிசியிற் பெரும்பகுதி கடல் கடந்து வந்த காலம் அது. அரிசிப் பங்கீடு இறுகியது. கோதுமை மாவும் பாணும் வீடுகளிற் புகுந்தன. அரசாங்கம் 1942 இல் உள்நாட்டு நெல்லை உறுதி விலைக்கு வாங்கும் திட்டத்தைத் தொடங்கிற்று. கப்பல் வாராத காலத்திலேதான் உள்நாட்டுக் குளத்தின் அருமை தெரிந்தது. இரணைமடு, வவுனிக்குளம், கட்டுக்கரை போன்ற குளங்களின் நீரையும் அவற்றின் வயல்களையும், கடலில் மூழ்கிய சரக்குக் கப்பலோடு சேர்த்து நினைக்க வேண்டிய காரணம் இதுவே.

ரோனா மாண்டது; ரஜூலா தப்பியது. போர் முடிந்தபின் ரஜூலா மீண்டும் நாகபட்டினத்துக்கும் பினாங்குக்கும் ஓடியது. 1973 இல் இந்தியக் கப்பற் கூட்டுத்தாபனம் அதனை வாங்கி ‘ரங்கத்’ என்று பெயரிட்டது. மறு ஆண்டு அது உடைக்கப்பட்டது. ஆகாய விமானம் பிரயாணிகளைக் கவர்ந்தது. நாடுகள் சுதந்திரம் பெற்றுத் தத்தம் கப்பல்களை ஓட்டின. குடிவரவுச் சட்டங்கள் இறுகின. இம்மூன்றும் சேர்ந்து பழைய கம்பனியின் தொழிலை ஒடுக்கின. 1970களின் தொடக்கத்தில் அது பி. அன்ட் ஓ. அமைப்பினுள் முற்றாக அடங்கிற்று. மாணவரை ஏற்றிக் கல்விச் சுற்றுலா நடத்திய யுகாண்டா என்ற அதன் பழைய கப்பல், 1982 இல் போக்லாந்துப் போருக்கு வைத்தியசாலைக் கப்பலாக அழைக்கப்பட்டது. 1857 இல் வந்த அதே அழைப்பு, 125 ஆண்டுகளின் பின்னும் வந்தமை குறிப்பிடத்தக்கது.

இவை தொலைவில் நடந்த பழங்கதைகள் என்று வன்னி மக்கள் எண்ணமாட்டார். 2006 ஓகத்தில் ஏ-9 வீதி மூடப்பட்டபோது, யாழ்ப்பாணத்தார் திருகோணமலைக்குக் கப்பலேறியே தென்னிலங்கை சென்றனர். 2009 பெப்ரவரி முதல் மே வரை, முல்லைத்தீவுக் கரையில் புதுமாத்தளனுக்கு அப்பால், செஞ்சிலுவைச் சர்வதேசக் குழு வாடகைக்கு அமர்த்திய பிரயாணிகள் கப்பல் ஒன்று பலமுறை வந்து நின்றது. இறங்குதுறை இல்லாத அக்கரையிலிருந்து மீன்பிடி வள்ளங்கள் அலையைக் கடந்து காயமுற்றோரைக் கப்பலுக்குக் கொண்டுசென்றன. நோயாளரும் காயமுற்றோரும் உடன் சென்றோருமாகப் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் அவ்வழியாகத் திருகோணமலைப் பக்கம் அடைந்தனர். கப்பலில் இடம் கிடைத்தல் என்றால் என்ன, கிடையாமை என்றால் என்ன என்பதை அக்கரை அறியும்.

கப்பற் கம்பனிகளின் வரலாறுகளிற் கப்பலின் நிறை, நீளம், வேகம், இலாபப் பங்கு யாவும் நுணுக்கமாக எழுதப்பட்டுள்ளன. தளப் பிரயாணியின் பெயரும் கரி வாரியவனின் பெயரும் அவற்றில் அரிது. ஆயினும் சமாதானத்தில் அக்கப்பல்களுக்கு வருவாய் தந்தவர் தளப் பிரயாணிகள். போரில் அவற்றை ஓடச்செய்தவர் கீழ்த்தளத்து மாலுமிகள். மலாயாவுக்கோ பர்மாவுக்கோ சென்ற மூதாதையரின் பயணச்சீட்டு, கடவுச்சீட்டு, கடிதம், படம் முதலியன இன்னும் சில வீடுகளின் பெட்டிகளிற் கிடத்தல் கூடும். பல இடப்பெயர்வுகளிலே அழிந்தவை போக எஞ்சியவற்றையேனும் பேணிவைத்தல் வேண்டும். இன்றும் நினைவு தளராத முதியோரிடம் கேட்டு, கப்பலின் பெயரையும் புறப்பட்ட துறையையும் ஆண்டையும் எழுதிவைத்தல் வேண்டும். பாடசாலை மாணவர் ஒரு விடுமுறைக் காலத்தில் எளிதிற் செய்யக்கூடிய பணி இது.

2023 ஒக்டோபரில் நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்குமிடையே பிரயாணிகள் கப்பற் சேவை மீண்டும் தொடங்கப்பட்டது. ரஜூலாவும் ரோனாவும் தமிழரை ஏற்றிய அதே நாகபட்டினத்துறைதான் அது. இனிக் கடல் கடக்கும் கப்பல்கள் பிரயாணிகளையும் பண்டங்களையும் மட்டுமே சுமக்கும் கப்பல்களாக நிலைத்திருக்க வேண்டுமென்பது இரு கரையிலுமுள்ள மக்களின் விருப்பமாகும்.